ஹார்ட்லி: பொருளைப் பிடித்து, மறக்காமல் வைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை) சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு இங்கிலாந்து பையரிடமிருந்து, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவரிடமிருந்து, மெயில் வந்தது. இரண்டே வரி. "வி ஹேட் ஹார்ட்லி எனி கம்ப்ளெயின்ட்ஸ் ஆன் த லாஸ்ட் லாட். லெட் அஸ் டாக் ஆன் தர்ஸ்டே."

என் கண்ணில் பட்டது இரண்டு சொல்தான்: ஹார்ட், கம்ப்ளெயின்ட்ஸ். கடுமையான புகார். போதாக்குறைக்கு வியாழக்கிழமை பேசலாம் என்று வேறு எழுதியிருக்கிறார். அடிவயிறு கலங்கிவிட்டது. செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடி, டேப் ஒட்டி லாரிக்குத் தயாராக இருந்த அடுத்த லாட்டின் முப்பது அட்டைப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன். பாலிபேக்கைப் பிரித்து ஒவ்வொரு பீஸாகத் தையல், ஓட்டை, அளவு, கறை என்று ராத்திரி பதினோரு மணி வரை பார்த்தோம். ஒன்றும் சிக்கவில்லை. மறுநாள் காலை மேனேஜர் மெயிலைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, பையர் பாராட்டித்தான் எழுதியிருக்கறான். கம்ப்ளெயின்ட்டே இல்லீங்கறான்." பேக்கிங் அக்காக்கள் முப்பது பெட்டிக்கும் திரும்ப டேப் இழுத்து ஒட்டும் சத்தம் அன்று முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இங்கிலீஷில் வாயில் நுழையாத பெரிய சொற்கள் ஆபத்தில்லாதவை. தெரியாது என்று தெரிவதால் அகராதியைத் திறந்துவிடுவோம். நம்மைக் கவிழ்ப்பது, தெரிந்த ஆள் மாதிரி வந்து நிற்கும் சின்னச் சொற்கள்தான். ‘ஹார்ட்லி’ அதில் முதல் வரிசை. ‘ஹார்ட்லி என்றால் அரிதாக’ என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மதியம் அது உதவிக்கு வரவே இல்லை. பிறகு வேறு வழியில் போய்த்தான் அந்தச் சொல்லைப் பிடித்தேன். அந்த வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ஹார்ட் வேறு, ஹார்ட்லி வேறு

இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

"ஹி வொர்க்ஸ் ஹார்ட்." மாங்கு மாங்கென்று வேலை செய்கிறான்.

"ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்." வேலையே செய்வதில்லை. ஏதோ பேருக்கு அசைகிறான்.

ஒன்று பாராட்டு, மற்றது வசவு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஐ வொர்க் ஹார்ட்லி" என்று எழுதி அனுப்பியவர்களின் பயோடேட்டா என் மேசைக்கே வந்திருக்கிறது. எழுதியவர் நினைத்தது ‘கடினமாக உழைப்பேன்’. படிப்பவருக்குத் தோன்றுவது ‘உழைப்பதா, நானா?’

இந்தக் குழப்பத்துக்கு நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். ஸ்லோ, ஸ்லோலி. க்விக், க்விக்லி. ‘மெதுவான’ என்பது ‘மெதுவாக’ ஆவதுபோல. அந்தக் கணக்குப்படி ‘கடினமான’ என்பது ஹார்ட் என்றால் ‘கடினமாக’ என்பது ஹார்ட்லிதானே? விதி சரி. இந்தச் சொல்தான் வேறு பாதையில் போய்விட்டது.

அந்தப் பாதை தெரிந்தால் மறக்காது. பழைய இங்கிலீஷில் பெயரடையின் வாலில் ஒரு குட்டி ‘எ’ ஒலியைச் சேர்த்தாலே வினையடை ஆகிவிடும். காலப்போக்கில் அந்த ‘எ’ தேய்ந்து உதிர்ந்துபோனது. அதனால் இன்று ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களுக்குப் பெயரடையும் வினையடையும் ஒரே உருவம். ‘எ ஹார்ட் ஜாப்’ என்றாலும் ஹார்ட். ‘வொர்க் ஹார்ட்’ என்றாலும் ஹார்ட். ‘லி’ ஒட்டிய வடிவமும் அந்தக் காலத்திலேயே உண்டு. அதற்கு முதலில் ‘கடுமையாக’, ‘துணிச்சலாக’ என்றெல்லாம் பொருள் இருந்தது. பிறகு அது ‘சிரமப்பட்டு’ என்று இறங்கியது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘இல்லை என்கிற அளவுக்கு’ என்று வந்து நின்றுவிட்டது. சிரமப்பட்டுத்தான் நடக்கும் காரியம் அடிக்கடியா நடக்கும்? அப்படித்தான் சிரமத்திலிருந்து இல்லாமைக்குச் சரிந்தது. மிகப் பழைய புத்தகங்களைப் படித்தால் ஒழிய, ‘கடுமையாக’ என்ற பொருளில் ஹார்ட்லியை நீங்கள் இனிச் சந்திக்கப் போவதில்லை.

இப்படி ‘லி’ சேர்ந்ததும் ஆளே மாறிவிடுகிற சொற்கள் இன்னும் சில உண்டு. லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் சமீப காலமாக. நியர் என்றால் அருகில், நியர்லி என்றால் ஏறக்குறைய. ஷார்ட்லி என்பதை நீங்கள் ரயில்வே பிளாட்பாரத்திலேயே கற்றிருப்பீர்கள்: "வில் அரைவ் ஷார்ட்லி", சற்று நேரத்தில் வந்து சேரும். (அந்தச் சற்று நேரம் எவ்வளவு என்பது வேறு கதை.)

இரண்டாம் படி: டப்பாவின் அடியைப் பாருங்கள்

பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை. அரிசி டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. அளக்கும் படியை உள்ளே விடுகிறீர்கள், அது தகரத்தின் அடியில் கர்ரென்று உரசுகிறது. டப்பாவைச் சாய்த்து மூலையில் தட்டினால் ஒரு பிடி சேரும். அதிலும் பாதி குருணை. உள்ளேயிருந்து குரல் வருகிறது: "அரிசி இருக்கா?"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "கொஞ்சம் இருக்கு" என்று சொல்லமாட்டீர்கள். சொன்னால் அதை நம்பி உலை வைத்துவிடுவார்கள். "இல்லேன்னே வச்சுக்கோ" என்பீர்கள். அந்த ‘இல்லேன்னே வச்சுக்கோ’தான் ஹார்ட்லி. "தேர் இஸ் ஹார்ட்லி எனி ரைஸ்."

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. டப்பாவில் அரிசி இருக்கிறது, ஒரு பிடி. ஆனால் பேசுகிறவர் அந்தப் பிடியைப் பார்க்கவில்லை, காலியைத்தான் பார்க்கிறார். ‘எ லிட்டில் ரைஸ்’ என்று சொல்பவர் அதே ஒரு பிடியை இருப்பாகப் பார்க்கிறார். டப்பா ஒன்றுதான், பார்வைதான் வேறு. ஹார்ட்லி வந்துவிட்டால் பேசுகிறவர் இல்லை பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பொருள். என் மெயிலுக்கு வந்தால்: பையரிடம் ஒன்றிரண்டு சில்லறைப் புகார் வந்திருக்கலாம். அதை அவர் பொருட்படுத்தவில்லை, ‘புகாரே இல்லை’ என்கிறார். முப்பது பெட்டி பத்திரமாக லாரி ஏறியிருக்க வேண்டும்.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஹார்ட்லி என்ற சொல்லைப் பார்த்ததும் அரிசிப் படி தகரத்தில் உரசும் சத்தம் காதில் கேட்கும்வரை நாலைந்து தடவை நினைத்துப் பாருங்கள். மற்ற படிகள் எல்லாம் இதன் மேல் கட்டியவை.

மூன்றாம் படி: உள்ளே ஒளிந்திருக்கும் ‘இல்லை’

ஹார்ட்லியைப் பார்த்தால் ‘நாட்’, ‘நோ’ என்கிற எதிர்மறை அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. ஆனால் இங்கிலீஷ் இலக்கணம் அதை எதிர்மறையாகத்தான் நடத்துகிறது. அதற்கு மூன்று சாட்சிகள்.

முதல் சாட்சி, கூட வரும் சொற்கள். எனி, எனிவன், எனிதிங், எவர் போன்றவை எதிர்மறை வாக்கியத்திலும் கேள்வியிலும் தாராளமாகப் புழங்குபவை. ஹார்ட்லியோடு இவைதான் சேரும். "ஹார்ட்லி எனிவன் கேம்" என்றால் யாருமே வரவில்லை என்று சொல்லலாம். "ஷி ஹார்ட்லி எவர் காம்ப்ளெயின்ஸ்" என்றால் அவள் குறை சொல்வதே அபூர்வம். ‘ஹார்ட்லி சம்வன்’ என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, வாக்கியக் கடைசியில் ‘இல்லையா?’ என்று ஒட்டும் வால்கேள்வி. நேர் வாக்கியத்துக்கு எதிர்மறை வால், எதிர்மறை வாக்கியத்துக்கு நேர் வால் என்று படித்திருப்பீர்கள். "ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?" என்பதுதான் சரி. ‘டஸின்ட் ஹி’ போட்டால் மார்க் போய்விடும். பரீட்சைக் கேள்வித்தாளில் இதை வைத்தே ஒரு குழி வெட்டியிருப்பார்கள்.

மூன்றாவதுதான் தினமும் நம் காலை வாருவது. எதிர்மறை ஏற்கெனவே உள்ளே இருப்பதால் இன்னொரு ‘நாட்’ வேண்டாம். போனில் லைன் சரியில்லாதபோது "ஐ குடின்ட் ஹார்ட்லி ஹியர் யூ" என்று வாய் தானாகப் போகும். ‘கேட்கவே முடியல’ என்று நம் மனசு தமிழில் நினைப்பதால் அந்த ‘முடியல’வுக்கு ஒரு ‘நாட்’ தேடுகிறது. சரியான வடிவம் "ஐ குட் ஹார்ட்லி ஹியர் யூ". அமெரிக்கர்கள் சிலரும் பேச்சில் ‘கான்ட் ஹார்ட்லி’ என்பார்கள். அவர்கள் வீட்டில் அது செல்லும். நாம் எழுதினால் பிழை. அதேபோல ‘ஹார்ட்லி நத்திங்’, ‘ஹார்ட்லி நோபடி’ எதுவும் வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘இல்லை’ போதும்.

நான்காம் படி: அரும்பாடும் அரிதும்

மறக்காமல் வைத்துக்கொள்ள ஆணி அடிக்கும் இடம் இது. அந்த ஆணி நம்மிடமே இருக்கிறது.

‘அரிது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு பொருள்: கடினம், அபூர்வம். 664ஆம் குறளில் ‘சொல்லுதல் யார்க்கும் எளிய, அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்’ என்கிறார் வள்ளுவர். எளியவைக்கு எதிரே நிற்பதால் இந்த ‘அரிய’ கடினமானவை. ஆனால் இன்றைக்கு ‘அவரைப் பார்ப்பதே அரிது’ என்றால் யாரும் கடினம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அவர் கண்ணில் படுவதே இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம். கடினத்திலிருந்து அபூர்வத்துக்கு, அபூர்வத்திலிருந்து கிட்டத்தட்ட இல்லைக்கு. ஹார்ட்லி நடந்த அதே பாதையில் நம் அரிதும் நடந்திருக்கிறது. பள்ளியில் சொன்ன ‘ஹார்ட்லி என்றால் அரிதாக’ என்பது தப்பே இல்லை. அரிதுக்குள் என்ன இருக்கிறது என்று நான்தான் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு சொல்லும் நேருக்கு நேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் மத்தேயு 19ஆம் அதிகாரம், 23ஆம் வசனம்: "எ ரிச் மேன் ஷேல் ஹார்ட்லி என்டர் இன்டு த கிங்டம் ஆஃப் ஹெவன்." தமிழ்ச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அதே வசனம்: ‘ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிதென்று’. ஹார்ட்லி நின்ற இடத்தில் அரிது. அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்பது. ஆக, இங்கே ஹார்ட்லி என்பது சிரமத்துக்கும் இல்லாமைக்கும் நடுவே, பாதி வழியில் நிற்கிறது. பின்னால் வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அந்த ஹார்ட்லி போய் ‘ஹார்ட்’ வந்துவிட்டது. பணக்காரனுக்கு அது கடினம் என்று நேராகவே எழுதிவிட்டார்கள். இங்கிலீஷில் சொல் பொருளை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது. தமிழில் அரிது இரண்டு பொருளையும் இடுப்பில் சுமந்தபடி அங்கேயே இருக்கிறது.

இனி ஆணி. ‘அரும்பாடு’ என்ற சொல்லையும் ‘அரிது’ என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அவன் அரும்பாடு படுகிறான்: ஹி வொர்க்ஸ் ஹார்ட்.

அவன் பாடுபடுவது அரிது: ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்.

தமிழில் ஒரே வேர் முன்னால் வந்தால் உழைப்பு, கடைசியில் வந்தால் சோம்பல். இங்கிலீஷில் அப்படியே கண்ணாடி பிம்பம்: வினைக்குப் பின்னால் வந்தால் ஹார்ட், உழைப்பு, வினைக்கு முன்னால் வந்தால் ஹார்ட்லி, சோம்பல். இந்த இரண்டு வரியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் தாள் தேவைப்படவில்லை.

வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. முக்கிய வினைக்கு முன்னால். ‘கேன்’, ‘ஹேவ்’ போன்ற துணைவினை இருந்தால் அதற்கும் முக்கிய வினைக்கும் நடுவில்: "ஐ கேன் ஹார்ட்லி வாக்", "ஐ ஹேவ் ஹார்ட்லி ஸ்லெப்ட்". ‘இஸ்’, ‘வாஸ்’ தனியாக வந்தால் அதற்குப் பின்னால்: "இட் இஸ் ஹார்ட்லி ஃபேர்". அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: தமிழ் அச்சில் வார்த்துப் பாருங்கள்

ஹார்ட்லி வரும் இடமெல்லாம் ‘அரிதாக’ என்று போட்டால் தமிழ் நொண்டும். ‘நான் அவரை அரிதாக அறிவேன்’ என்று நம்மூரில் யார் பேசுகிறார்கள்? ஒவ்வொரு இடத்துக்கும் நம்மிடம் வேறு வேறு அச்சு இருக்கிறது. இங்கிலீஷ் வாக்கியம் எந்த அச்சில் பொருந்துகிறது என்று பார்க்கப் பழகினால் பொருள் தானாக விளங்கும்.

அதிகம் தேவைப்படுவது ‘ஏ... இல்லை’. "ஹி ஹார்ட்லி ஏட்" என்றால் சாப்பிடவே இல்லை. இலையில் உட்கார்ந்தார், ரசத்துக்கு ரெண்டு கவளம் பிசைந்தார், எழுந்துவிட்டார்; அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதா? "ஐ ஹார்ட்லி நோ ஹிம்" என்றால் ‘எனக்கு அவரோட பழக்கமே இல்லைங்க’. எங்கோ ஒரு கல்யாணத்தில் வணக்கம் சொல்லியிருப்போம், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் அளவுக்குத் தெரியாது.

எண்ணோ அளவோ பக்கத்தில் வந்தால் ‘கூட’. "ஹார்ட்லி எ மன்த்" என்றால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஷி இஸ் ஹார்ட்லி டென்" என்றால் பத்து வயதுகூட இருக்காது. நம் ஊர் அலுவலகங்களில் ‘ஹார்ட்லி ஃபைவ் மினிட்ஸ், சார்’ என்பது ஒரு தாரக மந்திரம். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது என்று பொருள். ஆகும் என்பது சொல்பவருக்கும் தெரியும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த அச்சு. "ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த ஃபோன் ராங்." பன்னிரண்டாம் வகுப்பு இலக்கணத்தில் இதை ‘நோ சூனர்’ வாக்கியமாக மாற்றச் சொல்லிப் பிழிந்தெடுப்பார்கள். பலரும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்து தேறினோம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: உட்கார்ந்ததுதான் தாமதம், போன் அடித்தது. அல்லது இன்னும் ஒட்டிச் சொன்னால்: முழுசாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் போன். ‘உட்காரக்கூட இல்லை’ என்பதில் அதே பழைய ‘இல்லை’ எட்டிப் பார்க்கிறது பாருங்கள். ஹார்ட்லி இங்கேயும் புதிதாக எதுவும் செய்யவில்லை. உட்காருதல் என்ற செயலை முடிந்தும் முடியாமல் நிறுத்துகிறது. எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் தலைக்கு வந்துவிட்டால் இங்கிலீஷ் துணைவினையைக் கேள்வி போலத் திருப்பிப் போடும். ‘ஐ ஹேட்’ என்பது ‘ஹேட் ஐ’ ஆனது அதனால்தான். பின்பாதியில் ‘வென்’ வருமா ‘தேன்’ வருமா என்று இன்றும் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ‘சூனர்’ என்பதிலேயே ஒப்பீடு இருக்கிறது, அதனால் அதற்கு ‘தேன்’. ஹார்ட்லியில் ஒப்பீடு இல்லை, அதற்கு ‘வென்’.

கடைசி அச்சு, கேள்வி கேட்டு மறுப்பது. "இட்ஸ் ஹார்ட்லி மை ஃபால்ட்." இதை ‘இது அரிதாக என் தவறு’ என்று மொழிபெயர்த்தால் தொலைந்தோம். ‘இது என் தப்பா என்ன?’ என்பதுதான் இதன் தொனி. "திஸ் இஸ் ஹார்ட்லி த டைம்" என்றால் ‘இதுவா நேரம்?’. "ஹார்ட்லி சர்ப்ரைசிங்" என்றால் ‘இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?’. இங்கிலீஷ்காரர், அதிலும் இங்கிலாந்துக்காரர், நேராக ‘நோ’ சொல்லக் கூச்சப்படும் இடத்தில் ஹார்ட்லியைப் போர்வையாகப் போர்த்திக்கொள்வார். நாம் கேள்விக்குறியைப் போர்த்திக்கொள்கிறோம். வணிக மெயில்களில் இதை அவசியம் பிடிக்கத் தெரிய வேண்டும். "தட் இஸ் ஹார்ட்லி அக்செப்டபிள்" என்று ஒரு பையர் எழுதினால் ‘ஓரளவு ஏற்கலாம்’ என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆள் கொதித்துப் போயிருக்கிறார். ‘இதை எப்படிய்யா ஏத்துக்க முடியும்?’ என்பதன் நாகரிக வடிவம் அது. அன்றைக்கு மட்டும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில் தப்பில்லை.

ஒன்று மட்டும் தலைகீழாகத் தோன்றும். "ஐ கேன் ஹார்ட்லி வெயிட்" என்று எழுதுகிறவர் கோபத்தில் இல்லை, ஆவலில் இருக்கிறார். காத்திருக்கவே முடியவில்லை, எப்போது வரும் என்று இருக்கிறது.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுக்காரர்கள்

பேர்லி, ரேர்லி, ஸ்கேர்ஸ்லி. மூன்றும் ஹார்ட்லியின் தெருவில்தான் குடியிருக்கின்றன.

ஸ்கேர்ஸ்லியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஹார்ட்லியின் உடுப்பு மாற்றிய அண்ணன். எழுத்தில் வருவார், பேச்சில் குறைவு. ரேர்லி என்பது எத்தனை தடவை என்பதை மட்டும் சொல்லும். ‘ஹார்ட்லி எவர்’ என்றாலும் ‘ரேர்லி’ என்றாலும் ஒன்றே. ஆனால் அரிசி டப்பாவுக்கு ரேர்லி பொருந்தாது, ஏனென்றால் அங்கே கேள்வி எவ்வளவு என்பது.

பேர்லிதான் கொஞ்சம் நுணுக்கம். பரீட்சையில் 35 மார்க் வாங்கியவன் "ஐ பேர்லி பாஸ்ட்" என்பான். தட்டுத்தடுமாறி, மயிரிழையில், ஆனால் பாஸ். கோட்டைத் தொட்டுவிட்டான். இதே இடத்தில் ஹார்ட்லி போட்டால் காதுக்கு ஒட்டாது. பேர்லி இருக்கும் பக்கம் சாய்கிறது, ஹார்ட்லி இல்லாத பக்கம் சாய்கிறது. ‘ஐ பேர்லி நோ ஹிம்’, ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறவர்கள் ஏராளம், அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஜெயித்தானா தோற்றானா என்று முடிவு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பேர்லியைத் தேடுங்கள்.

ஏழாம் படி: கை பழக

புத்தகத்துப் பயிற்சியை விட உங்கள் நாளிலிருந்து எடுப்பது நிற்கும். காலையிலிருந்து நீங்கள் தமிழில் பேசியதில் ‘...வே இல்லை’, ‘...கூட ஆகல’, ‘...தான் தாமதம்’, ‘இதுவா...?’ என்று முடிந்த வாக்கியங்களை நாலு பிடியுங்கள். அதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோங்கள். தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும் இந்தத் திசைதான் முக்கியம். மறுதிசையில் படித்தால் புரியும், பேசும்போது வராது.

என்னுடையவை சில. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, தூங்கவே இல்லை: "ஐ ஹார்ட்லி ஸ்லெப்ட்." பஸ்ஸில் கூட்டமே இல்லை: "தேர் வாஸ் ஹார்ட்லி எனிவன் ஆன் த பஸ்." டீயை வாயில் வைத்ததுதான் தாமதம், சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார்: "ஹார்ட்லி ஹேட் ஐ டச்ட் மை டீ வென் த சூப்பர்வைசர் கால்ட்." ஷர்ட் வாங்கி ஒரு வாரம்கூட ஆகல, சாயம் போயிடுச்சு. இதை நீங்களே செய்து பாருங்கள். ‘நாட்’ எதுவும் நுழையவில்லையே என்று கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு நாலு வாக்கியம் போதும். கூடவே, ஹார்ட்லியை எங்காவது படிக்க நேர்ந்தால் உடனே மேலே போகாமல் ஒரு கணம் நின்று, அந்த இடத்தில் மனசுக்குள் ‘இல்லேன்னே வச்சுக்கோ’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் சரியாக உட்கார்ந்தால் மேலே போகலாம்.

அந்த வியாழக்கிழமை என்ன ஆனது என்று சொல்லவில்லையே. போன் வந்தது. பையர் நல்ல குஷியில் இருந்தார், அடுத்த ஆர்டரைப் பெரிதாகத் தரப்போகிறார். எடுத்த எடுப்பில் இங்கிலீஷ்காரர்களின் அரதப்பழைய நக்கல் ஒன்றை எடுத்துவிட்டார்: "சோ, வொர்க்கிங் ஹார்ட், ஆர் ஹார்ட்லி வொர்க்கிங்?" உழைக்கிறீர்களா, ஓபி அடிக்கிறீர்களா என்று கேட்கிறார். எனக்கு இரண்டு ‘ஹார்ட்’ கேட்டது, இரண்டு ‘வொர்க்கிங்’ கேட்டது. ஸ்பீக்கரில் மேனேஜரும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு பணிவாகச் சொன்னேன்: "போத், சார். எவ்ரிடே."